ஐந்து மீட்டர் ரப்பரும் ஒரு சொல்லும்

திருப்பதியில் ஓர் உதிரிபாகக் கடையில் "முன்கண்ணாடிக்கு சீல் வேண்டும்" என்று கேட்டேன். கடைக்காரர் ஆயில் சீல் பெட்டியை எடுத்து வைத்தார். அடுத்த கடையில் 'கண்ணாடி' என்ற சொல் மட்டும் காதில் விழுந்தது போலும். பின்னால் வரும் வண்டியைப் பார்ப்பதற்கான பக்கவாட்டுக் கண்ணாடி ஒன்றைத் துடைத்துக் காட்டினார். தெலுங்கில் கேட்டிருந்தாலும் இதே கதிதான். அங்கும் 'அத்தம்' என்பது முகம் பார்ப்பதற்கும் சன்னலுக்கும் பொதுச்சொல். மொழியியலில் முதுகலை முடித்து ஆய்வுப் பட்டத்துக்குப் படிப்பவனுக்கு ஒரு பொருளைப் பெயர் சொல்லி வாங்கத் தெரியவில்லை என்பது சற்றே வெட்கம் தரும் செய்தி. அந்த வெட்கத்திலிருந்துதான் இதை எழுதுகிறேன்.

சித்தூருக்கு மேற்கே மாந்தோப்பு வைத்திருக்கும் என் தாய்மாமனிடம் ஒரு சக்திமான் லாரி இருக்கிறது. இராணுவம் கழித்து ஏலம் விட்ட வண்டி. எங்கள் பக்கத்துப் பேச்சில் 'டிஸ்போசல் வண்டி'. ஜெர்மனியின் மான் நிறுவனத்திடம் உரிமம் பெற்று 1959 முதல் ஜபல்பூரில் செய்யப்பட்ட இவ்வகை லாரிகள் தொண்ணூறுகள் வரை நம் படையின் சுமையைச் சுமந்தன. படையை விட்டு வந்தபின் மரத்தொட்டிக்கும் கல்குவாரிக்கும் தோப்புக்கும் பிரிந்து போயின. எல்லாச் சக்கரமும் இழுக்கும் வண்டி என்பதால், தோத்தாபுரி அறுவடைக் காலத்தில் வேறு லாரி இறங்க அஞ்சும் சரிவுகளில் இது இறங்கி ஏறுகிறது. 2021 நவம்பர் வெள்ளத்தில் எங்கள் ஊர் ஓடையைக் கடந்ததும் இது ஒன்றுதான். அன்று வண்டிக்குள்ளும் மழை பெய்தது. முன்கண்ணாடியின் கீழ்ச்சட்டம் வழியே வடிந்த நீர் மாமாவின் முழங்காலை நனைத்துக்கொண்டே இருந்தது. பிறகொரு நாள் மாங்கிளை ஒன்று அடித்து இடப்பக்கக் கண்ணாடி விரிசல் கண்டது. "கண்ணாடி கிடைச்சிடும்டா. அதைப் பிடிச்சுக்கிட்டு நிக்கற ரப்பரைத் தேடு" என்றார்.

அவர் சொன்னதுதான் நடந்தது. பழைய இராணுவ வண்டிகளின் கண்ணாடி பெரும்பாலும் தட்டையானது. இன்றைய கார்களின் வளைந்த கண்ணாடியைப் போல அச்சில் வார்த்து எடுக்க வேண்டியதில்லை. ஸ்ரீபெரும்புதூரில் 2000-ஆம் ஆண்டு முதல் பெரும் கண்ணாடி ஆலை இயங்குகிறது. தட்டைக் கண்ணாடிக்கு நம் பகுதியில் பஞ்சமில்லை. தெரிந்திருக்க வேண்டியது எந்தக் கண்ணாடி என்பதே. முன்புறத்துக்கு லாமினேட்டட் கண்ணாடி வேண்டும். இரண்டு தகடுகளுக்கு நடுவே ஒரு பிசின் படலம் இருப்பதால் உடைந்தாலும் சில்லுகள் அதிலேயே ஒட்டி நிற்கும். வேலூரில் ஒரு பட்டறையில் அதை வெட்டுவதைப் பார்த்தேன். இருபுறமும் கீறி, மெல்ல மடக்கி முறித்து, கீறலில் சிறிது ஸ்பிரிட் ஊற்றிக் கொளுத்தினார்கள். சூட்டில் இளகிய படலத்தைப் பிளேடால் அறுத்தார்கள். டஃபன்டு கண்ணாடியில் இது நடக்காது. சூடேற்றிக் குளிர்வித்து இறுக்கிய அந்தக் கண்ணாடி, வெட்டுக்கருவி ஆழப் பட்ட கணமே பொடிப்பொடியாக உதிரும். அளவுக்கு வெட்டிய பிறகே அதை உலைக்கு அனுப்ப வேண்டும். கதவுக் கண்ணாடிக்கு அது பொருந்தும், முன்புறத்துக்கு வேண்டாம்.

இந்த வேறுபாடு தெரியாமலோ, தெரிந்தும் காசுக்காகவோ, படச்சட்டம் போடும் கடையிலிருந்து சாதாரணக் கண்ணாடியை வெட்டி வந்து மாட்டிய டிஸ்போசல் வண்டிகளைச் சித்தூர்ச் சாலையில் கண்டிருக்கிறேன். அது உடைந்தால் கத்தியாக உடையும், ஓட்டுநரின் முகத்துக்கு நேரே. மத்திய மோட்டார் வாகன விதிகள் (1989), விதி 100, வாகனக் கண்ணாடி பாதுகாப்புக் கண்ணாடியாக இருக்க வேண்டும் என்கிறது. அதே விதியின் 70 விழுக்காடு ஒளி ஊடுருவல் பற்றி, 2012-இல் உச்ச நீதிமன்றம் கறுப்புப் படலத்தைத் தடுத்ததிலிருந்து, ஊரே பேசும். கண்ணாடியின் வகை பற்றிய பகுதியை யாரும் பேசிக் கேட்டதில்லை.

ரப்பருக்கு வருகிறேன். கண்ணாடியைச் சட்டத்தோடு பிணைக்கும் பட்டை, குறுக்கே வெட்டிப் பார்த்தால், ஆங்கில எச் எழுத்தைப் படுக்க வைத்தது போல் இருக்கும். ஒரு பள்ளத்தில் கண்ணாடியின் விளிம்பும் மறு பள்ளத்தில் சட்டத்தின் தகடும் அமரும். மாட்டும் முறை எளிது, பார்க்க அழகானதும்கூட. கண்ணாடியைச் சுற்றிப் பட்டையை அணிவித்து, வெளிப்பள்ளத்தில் ஒரு கயிற்றை ஓட்டி, சோப்பு நீர் தடவி, வெளியிலிருந்து ஒருவர் அழுத்த, உள்ளிருந்து ஒருவர் கயிற்றை இழுத்துக்கொண்டே வர வேண்டும். ரப்பரின் உதடு சட்டத்தின் மீது ஏறி உட்கார்ந்துவிடும்.

இயற்கை ரப்பருக்கு இராயலசீமை வெயில் ஆகாது. ஒளியும் காற்றிலுள்ள ஓசோனும் அதன் மூலக்கூற்றுப் பிணைப்புகளை அறுக்க, பட்டை சுருங்கி வெடிக்கிறது. வெடிப்பில் நீர் இறங்கிச் சட்டம் துருப்பிடிக்கிறது. கண்ணாடியின் விளிம்பில் ஈரம் புகுந்து நடுப்படலம் பால் போல வெளுக்கிறது. அதாவது, ரப்பரைக் கவனிக்காதவர் புதுக் கண்ணாடியையும் இழப்பார். இ.பி.டி.எம். என்னும் செயற்கை ரப்பர் வெயிலை நெடுநாள் தாங்குகிறது. இன்று செய்வதானால் அதில்தான் செய்ய வேண்டும்.

'சிலிக்கோன் அப்பிவிட்டால் போதுமே' என்று பலர் அறிவுரை சொன்னார்கள். எனக்கு உடன்பாடில்லை. புளிக்காடி நாற்றம் அடிக்கும் மலிவு வகைச் சிலிக்கோன், உலரும்போது அசிட்டிக் அமிலத்தை வெளியிட்டு வெற்று இரும்பை அரிக்கிறது. அதைவிட, மேடு பள்ளத்தில் இந்த லாரியின் உடல் முறுக்கிக்கொள்ளும். ரப்பருக்குள் மிதக்கும் கண்ணாடி அந்த முறுக்கலுக்கு இடம் கொடுக்கும். சட்டத்தோடு ஒட்டிய கண்ணாடி கொடுக்காது, விரிசல் விடும்.

சித்தூர், திருப்பதி, வேலூர் என்று அலைந்து, கடைசியில் சென்னைப் புதுப்பேட்டை வரை போனேன். எங்கும் அந்தப் பட்டை இல்லை. அதைவிட வியப்பு, எங்கும் அதற்கு ஒரே பெயர் இல்லை. பட்டறையில் அது 'பீடிங்'. ஆனால் பீடிங் என்றால் தச்சருக்கு மரச்சட்டத்தின் ஓரப்பட்டை. ஒரு கடையில் 'ரப்பர் சேனல்' என்றார்கள். வேறொரு கடையில் அந்தப் பெயருக்குக் கதவுக் கண்ணாடி ஏறியிறங்கும் துணிப்பட்டையை எடுத்துத் தந்தார்கள். படையின் உதிரிபாகப் பட்டியல்களோ பொருளை எண்ணால் அறியும். அந்த எண் கடைத்தெருவில் செல்லாது. ஒரு பெயர் பல பொருளுக்கு, ஒரு பொருள் பல பெயருக்கு. பாடநூலில் இதைப் படித்து மதிப்பெண் வாங்கியவன் நான். அது ஒருவரின் வண்டியை மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கும் என்று பாடநூல் சொல்லவில்லை.

அளவையிலும் இதே சிக்கல். நம் தச்சரும் கொல்லரும் அங்குலத்தின் எட்டில் ஒரு பங்கை 'நூல்' என்பார்கள். இந்திக்காரர் அதையே 'சூத்' என்பார், அதுவும் நூல்தான். யாரிடமிருந்து யார் பெயர்த்துக்கொண்டார்கள் என்பது சுவையான கேள்வி, இன்னொரு நாளைக்கு. மாமாவின் மெக்கானிக் பழைய ரப்பரின் பள்ளத்தைப் பார்த்து "ரெண்டு நூல்" என்றார். இரண்டு நூல் 6.35 மில்லிமீட்டர். வண்டியோ மெட்ரிக் அளவில் வரையப்பட்ட ஜெர்மன் வடிவம்; மாட்ட வேண்டிய கண்ணாடி 6 மில்லிமீட்டர். அந்த 0.35 வழியாகத்தான் மழை வருகிறது. அத்துடன் சுருங்கிய பழைய ரப்பரை அளப்பதே பிழை. கண்ணாடியின் தடிப்பையும், துருவைச் சுரண்டிய பின் சட்டத் தகட்டின் தடிப்பையும், இரண்டுக்கும் இடையிலான இடைவெளியையும் அளக்க வேண்டும். பழைய பட்டையின் வெட்டுமுகத்தை முத்திரை மையில் தொட்டுத் தாளில் ஒற்றினால் வடிவம் கிடைக்கும்; அளவை அதிலிருந்து எடுக்கக் கூடாது.

இவ்வளவும் கற்ற பிறகு, அம்பத்தூர்ப் பக்கம் ரப்பர்ப் பட்டை பிழியும் ஒரு சிறு ஆலையைக் கண்டுபிடித்தேன். அச்சு வெட்டித் தருவார்களாம். ஆனால் நூறு மீட்டருக்குக் குறைந்து ஓட்ட மாட்டார்களாம். எங்கள் இரண்டு கண்ணாடிகளுக்கும் சேர்த்து வேண்டியது ஐந்து மீட்டருக்கும் குறைவு. கணக்கு எளிது: இதே வண்டி வைத்திருக்கும் இருபது பேர் சேர்ந்தால் யாருக்கும் பாரமில்லை. அந்த இருபது பேர் இந்த இரு மாவட்டங்களிலும் எல்லை தாண்டி வேலூர்ப் பக்கத்திலும் இருக்கிறார்கள் என்றே நம்புகிறேன். ஒவ்வொருவரும் அதே பட்டையை வேறு வேறு பெயரில், வேறு வேறு கடையில், தனித்தனியே தேடி 'கிடைக்காது' என்று திரும்பியிருப்பார்கள். பொருள் இல்லாததால் அன்று. அவர்களை ஒன்றாகக் கூட்டும் சொல்லும் வரைபடமும் இல்லாததால்.

இங்கேதான் நம் துறையைக் குற்றம் சொல்லத் தோன்றுகிறது. ஒரு காலத்தில் திருப்பதியில், திருவேங்கடவன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி, தெலுங்கு வட்டாரத் தொழிற்சொற்களைக் களத்தில் திரட்டினார். 'மாண்டலிக விருத்தி பதகோசம்' வரிசையில் உழவுத் தொகுதி 1962-இல் வந்தது. நெசவுத் தொகுதி 1971-இல். கலப்பையின் ஒவ்வோர் உறுப்புக்கும் எந்த மாவட்டத்தில் என்ன பெயர் என்று ஊர் ஊராகக் கேட்ட மரபு அது. அவர் பணியாற்றிய ஊரிலேயே, லாரிப் பட்டறையின் சொல் இன்று நமக்கு ஆய்வுப்பொருளாகத் தெரிவதில்லை. அது கலப்படம், ஆங்கிலச் சிதைவு என்று ஒதுக்கிவிடுகிறோம். கலைச்சொல் குழுக்களில் அமர்ந்து தூய சொல் ஆக்குகிறோம். அந்தச் சொல்லைச் சொல்லிக் கடையில் ஒரு திருகாணிகூட வாங்க முடிவதில்லை. நானும் அப்படி ஆக்கியிருக்கிறேன். 'காப்புப்பட்டை' என்று ஒன்றைச் செய்து மெக்கானிக்கிடம் சொல்லிப் பார்த்தேன். "அது எந்த கேட்டுல கட்றது?" என்று கேட்டார்.

தமிழும் தெலுங்கும் தக்கனி உருதும் ஒரே எண்ணெய்த் துணியில் கை துடைக்கும் இடம் சித்தூர்ப் பட்டறை. 1960-இல் திருத்தணி அந்தப் பக்கம் போக, சித்தூர் இந்தப் பக்கம் நிலைத்தது. பட்டறைப் பேச்சு அந்தக் கோட்டைக் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை. திராவிட மொழிகள் அனைத்துக்குமாக 1997-இல் தொடங்கிய பல்கலைக்கழகம் குப்பத்தில், இதே சித்தூர் மாவட்டத்தில், இருக்கிறது. பொருளின் படம், வெட்டுமுகம், மில்லிமீட்டர் அளவு, மூன்று மொழிப் பட்டறைப் பெயர்கள்: இந்த நான்கும் கொண்ட ஒரு சொற்தொகுதி இரண்டு முதுகலை மாணவர்களின் ஓராண்டுக் களப்பணிக்கு மிகாது.

அரசிடமும் ஒன்று கேட்கலாம். 2021-இல் படைக்கலத் தொழிற்சாலை வாரியம் ஏழு நிறுவனங்களாகப் பிரிந்தபோது ஜபல்பூர் வாகனத் தொழிற்சாலை சேர்ந்த நிறுவனத்தின் தலைமையகம் ஆவடியில் அமைந்தது. சித்தூரிலிருந்து ஒரு காலைப்பொழுதுப் பயணம். உற்பத்தி நின்று கால் நூற்றாண்டு கடந்த லாரியின் கண்ணாடி ரப்பர் வரைபடத்தில் படை இரகசியம் எதுவும் இருக்க முடியாது. அதை வெளியிடலாம். அதே 2021-இல் வந்த தொன்மை வாகனப் பதிவு விதிகளோ ஐம்பது ஆண்டு கடந்த, வணிகப் பயன்பாடு அல்லாத இரு, நான்கு சக்கர வண்டிகளுக்கானவை. சீமான்களின் கார்களுக்குப் பொருந்தும். இன்றும் மாங்காய் சுமந்து தன் பிழைப்பைத் தானே பார்த்துக்கொள்ளும் லாரிக்கு அதில் இடமில்லை. அது 'பாரம்பரியம்' ஆவதற்கு முதலில் உழைப்பதை நிறுத்த வேண்டும் போலும்.

பழசு, புகை கக்கும், உடைத்து எடைக்குப் போடலாமே என்று கேட்கும் நண்பர்களின் கவலையில் நியாயம் உண்டு. ஆண்டில் சில வாரம், சில கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டிக்கு அந்த வாதத்தை எவ்வளவு நீட்டலாம் என்பதில் எனக்கு ஐயம். எப்படியாயினும், ஓடும் நாள் வரை அதை ஓட்டுபவரின் முகத்துக்கு முன்னால் சரியான கண்ணாடி இருக்க வேண்டும் என்பதில் இரு கருத்து இருக்க முடியாது.

மாமா பொறுமையிழந்து நூறு மீட்டருக்கும் பணம் கட்டிவிட்டார். பட்டை வந்தது; கயிறு இழுத்து மாட்டியாயிற்று; அதன்பின் பெய்த இரண்டு மழைக்கு அவர் முழங்கால் நனையவில்லை. பெயர் பெயராக விசாரித்ததில் இதுவரை மூன்று வண்டிக்காரர்கள் கிடைத்தார்கள். எஞ்சிய எண்பது மீட்டர்ச் சுருள் கறுப்புத் துணி சுற்றி, வெயில் படாமல், மாட்டுக்கொட்டகைப் பரணில் இருக்கிறது. சக்திமான் வைத்திருக்கும் எவரையேனும் அறிந்தவர்கள் எனக்கு எழுதுங்கள். அவர்கள் ஊரில் அந்தப் பட்டைக்கு என்ன பெயர் என்பதையும் கேட்டு எழுதுங்கள். கண்ணாடியின் தடிப்பையும் சட்டத் தகட்டின் தடிப்பையும் அளந்து அனுப்பச் சொல்லுங்கள். நூலில் வேண்டாம், மில்லிமீட்டரில்.