தொண்டர்க்கும் படிக்காசு

திருவீழிமிழலையில் ஒருகால் மழை பொய்த்துப் பஞ்சம் வந்தது. அப்பர் பெருமானும் திருஞானசம்பந்தப் பிள்ளையாரும் அடியார் கூட்டத்தோடு அத்தலத்தில் தங்கியிருந்த காலம் அது. அடியார் பசியால் வாடாதிருக்கும் பொருட்டு இறைவன் இருவருக்கும் நாள்தோறும் ஒவ்வொரு காசு படியாக அருளினான் எனப் பெரியபுராணம் கூறுகின்றது. ஆனால் அவ்விரு காசும் ஒரே தரத்தன அல்ல. அப்பருடைய காசு கடைத்தெருவில் முழுமதிப்புப் பெற்றது. சம்பந்தருடைய காசுக்கு வணிகர் வட்டம் கேட்டனர். பண்டம் வாங்கத் தாமதமாகவே அவருடைய திருமடத்தில் அமுது படைக்க நேரமாயிற்று. அப்பர் உழவாரம் ஏந்திக் கைத்தொண்டு செய்பவர். ஆதலால் அவருக்கு நற்காசு கிடைத்தது என்பர். பின்னர்ச் சம்பந்தர் பதிகம் பாடவே அவருக்கும் வட்டமில்லாத காசு கிடைத்தது.

இக்கதையை நான் வகுப்பிலே பலமுறை சொல்லியிருக்கிறேன். ஆயினும் அதன் உட்பொருள் ஒன்று அண்மையிலேதான் எனக்கு விளங்கிற்று. தொண்டு செய்வார்க்கும் காசு வேண்டும் என்பதை இறைவனே ஒப்புக்கொண்டான். அன்றியும், காசிலே குறையிருந்தால் அக்குறை தொண்டரோடு நின்றுவிடுவதில்லை. பந்தியிலே காத்திருக்கும் பசித்தவரையே அது சென்று சேர்கின்றது.

இதை எனக்கு விளங்கச் செய்தவள் என்னிடம் படித்த மாணவி ஒருத்தி. உயர்தரப் பரீட்சையில் கலைப்பிரிவில் நல்ல பெறுபேறு பெற்றவள். ஒருநாள் மாலை முள்ளியவளையிலுள்ள என் வீட்டுக்கு வந்தாள்.

“சேர், நான் சமூகப்பணிப் பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்கப் போறன். அப்பாதான் யோசிக்கிறார். ‘ஊருக்கு உழைக்கிறதுக்கும் ஒரு பட்டமோ? அதுக்கு என்ன சம்பளம் வரும் எண்டு உங்கட சேரிட்டக் கேட்டுக்கொண்டு வா’ எண்டு அனுப்பினவர்” என்றாள்.

வயலும் குளமுமாக வாழ்ந்து, போரிலே இடம்பெயர்ந்து, செட்டிகுளம் மெனிக் பாம் முகாமிலிருந்து வெறுங்கையோடு திரும்பி வந்தவர் அந்தத் தகப்பன். அவர் கேட்டது பேராசையால் அன்று. மகளின் நாளையைப் பற்றிக் கேட்கும் உரிமை அவருக்குண்டு. அன்று நான் அரைகுறையாகச் சொன்ன விடையை இங்கே முழுமையாக எழுத முயல்கிறேன். இதே கேள்வியோடு வேறு பல வீடுகளிலும் பெற்றோர் இருப்பர் அல்லவா?

முதலிலே ஒரு மயக்கத்தை நீக்குதல் வேண்டும். நம்மவர் கல்யாண அழைப்பிதழிலும் கண்ணீர் அஞ்சலிப் பிரசுரத்திலும் ‘சமூக சேவகர்’ என்ற பட்டத்தைக் காண்கிறோம். அவர்கள் தம் ஓய்வு நேரத்தை ஊருக்கு ஈந்த நல்லவர்கள். அவர்களுக்கு நம் வணக்கம். ஆனால் சமூகப் பணியாளர் என்பவர் வேறு. அவர் முறைப்படி பயின்றவர். துன்புற்ற குடும்பமொன்றின் நிலையை ஆராய்ந்து, உரிய உதவிக்கு வழிகாட்டி, அக்குடும்பம் தன் காலில் நிற்கும்வரை உடனிருப்பதே அவர் தொழில்.

இத்தொழில் உலகிலே தோன்றிய வரலாறும் சுவையானது. 1895ஆம் ஆண்டு இலண்டனிலுள்ள றோயல் பிறீ வைத்தியசாலையில், நோயாளரின் குடும்ப நிலையை விசாரித்து உதவுவதற்கென மேரி ஸ்ரூவட் என்னும் அம்மையார் நியமிக்கப்பட்டார். வேலை வைத்தியசாலையில், ஆனால் தொடக்கத்தில் அவருக்கு வேதனம் கொடுத்தது வெளியேயிருந்த ஒரு தருமச் சங்கம். வேலை ஓரிடம், சம்பளம் வேறிடம் என்னும் சிக்கல் இத்தொழிலின் உடன்பிறப்பு என்றே சொல்லலாம். 1936இல் பம்பாயில் டாட்டா நிறுவனத்தார் சமூகப்பணிக் கல்லூரியை ஆரம்பித்தனர். 1952இல் சென்னையிலும், அதே ஆண்டில் கொழும்பிலும் சமூகப்பணிக் கல்வி தொடங்கிற்று. கொழும்பிலே தொடங்கியது வளர்ந்து, 1992இல் இயற்றப்பட்ட சட்டத்தின்கீழ்த் தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகமாயிற்று. அங்கே 2005 முதல் சமூகப்பணியில் இளமாணிப் பட்டமும் வழங்கப்படுகின்றது. ஆகவே, ‘ஊருக்கு உழைக்கப் பட்டமோ?’ என்ற கேள்விக்கு விடை: ஆம், பட்டம் உண்டு.

இனிச் சம்பளத்துக்கு வருவோம்.

இலங்கையில் இவ்வேலைக்குச் சம்பளம் தருவோர் இரு திறத்தார். ஒருவர் அரசாங்கத்தார். நன்னடத்தைக் கட்டளைச் சட்டம் 1944இல் வந்தது; சமூக சேவைகள் திணைக்களம் 1948இல் அமைந்தது. இன்று கரைதுறைப்பற்றுப் போன்ற ஒரு பிரதேச செயலகத்துக்குச் சென்றால், சமூக சேவைகள் உத்தியோகத்தர், சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர், உளவளத்துணை உத்தியோகத்தர் எனப் பலரைக் காணலாம். இவர்களுடைய சம்பளத்தைத் தீர்மானிப்பது பதவியின் தரமும் சேவைக் காலமும் ஆகும். 2016ஆம் ஆண்டுச் சம்பளச் சுற்றறிக்கையின்படி, அபிவிருத்தி உத்தியோகத்தர் முதலிய பட்டதாரிப் பதவிகளுக்கான அடிப்படைச் சம்பளம் மாதம் 31,040 ரூபாவில் தொடங்கிற்று. முதற் பத்து ஆண்டு ஏற்றங்களும் 445 ரூபா வீதமே. நாற்பது வீடு ஏறி இறங்கினவருக்கும் 445 ரூபா. மேசையிலே கோவை புரட்டினவருக்கும் 445 ரூபா. வேலையின் பாரத்தை அந்த அட்டவணை அறியாது.

பின்னர் 2022 வந்தது. அவ்வாண்டு செப்டெம்பரில் பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதத்தைத் தொட்டது. ஆண்டின் தொடக்கத்தில் லீற்றர் 177 ரூபாவாக இருந்த பெற்றோல் யூன் மாத இறுதியில் 470 ரூபாவாயிற்று. முள்ளியவளையிலிருந்து கொக்குத்தொடுவாய்க்கும் கொக்கிளாய்க்கும் மோட்டார் சைக்கிளிற் செல்ல வேண்டிய ஓர் உத்தியோகத்தருக்கு இது எத்தகைய இடி என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பயணப்படி போதாதபோது முதலிற் குறைவது வீடு தேடிச் செல்லுதலேயாம். 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில், அரச ஊழியரின் மிகக் குறைந்த அடிப்படைச் சம்பளத்தை 24,250 ரூபாவிலிருந்து 40,000 ரூபாவாகப் படிப்படியாக உயர்த்துவதென அறிவிக்கப்பட்டது. எல்லாத் தரத்தாருக்கும் அதற்கேற்ப ஏற்றம் உண்டு. வரவேற்கத்தக்கதே. எனினும் ஏறிய விலைவாசியோடு ஒப்பிட்டே அதன் பெறுமதியை அளத்தல் வேண்டும்.

மற்றையோர் தொண்டு நிறுவனத்தார். 2004 டிசெம்பரில் ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையை அழித்தபோது அவர்கள் பலராய் வந்தனர். 2008 செப்டெம்பரில் போர் நெருங்கியபோது ஐக்கிய நாடுகள் நிறுவனங்களும் ஏனையோரும் கிளிநொச்சியை விட்டு வெளியேற நேர்ந்தது. 2009இல் போர் முடிந்து மக்கள் மீளக் குடியேறியபோது மறுபடி வந்தனர். அவர்கள் கொடுத்த சம்பளம் சில வேளைகளில் அரசாங்கச் சம்பளத்தை விஞ்சியது. ஆனால் அது திட்டத்தின் ஆயுளுக்குக் கட்டுப்பட்ட சம்பளம். இலங்கை 2010இல் நடுத்தர வருமான நாடென வகுக்கப்பட்டது. கொடையாளரின் கண்ணும் வேறு நாடுகளின் துயரை நோக்கித் திரும்பிற்று. பணம் வற்றவே பணியிடமும் வற்றியது. அன்றியும், இத்துறையிலே ஆங்கிலத்தில் அறிக்கை எழுதுபவருக்கு உயர்ந்த வேதனமும், புழுதியில் நடப்பவருக்குத் தாழ்ந்த வேதனமும் கிடைப்பது வழக்கம். ஒழுங்கையின் புழுதியை அறிந்தவரே அந்த அறிக்கைக்கு வேண்டிய செய்தியைக் கொண்டுவந்தவர் என்பதை யார் நினைக்கின்றார்?

இன்னுமொன்று. ஊழியர் சேமலாப நிதிக்கு வேலை கொள்வோர் 12 வீதமும் ஊழியர் 8 வீதமும் செலுத்த வேண்டும் என்பது விதி. ஆனால் பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் தரும நிறுவனங்களுக்கு இவ்விதியிலிருந்து விலக்குண்டு. தருமம் செய்கின்றவர் முதுமையடையமாட்டார் எனச் சட்டம் செய்தோர் நினைத்தனர் போலும்!

இந்நிலை நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்கத் தொழிற் புள்ளிவிபரப் பணியகத்தின் 2023ஆம் ஆண்டுக் கணக்கின்படி, அங்கே வைத்தியசாலை முதலிய சுகாதாரத் துறையிலுள்ள சமூகப் பணியாளரின் இடைநிலைச் சம்பளம் ஆண்டுக்கு 62,940 டொலர். குழந்தைகள், குடும்பங்கள், பாடசாலைகளுக்கு உழைப்போருக்கோ 53,940 டொலர். வைத்தியசாலை கட்டணம் வாங்கும் இடம். அநாதைக் குழந்தை எதைக் கொடுக்கும்? உதவி பெறுபவர் கட்டணம் கொடுக்க இயலாதவராக இருப்பதே இத்தொழிலின் சம்பளத்தைத் தாழ்த்தும் முதற் காரணம். பிறரைப் பராமரித்தல் பெண்களின் இயல்பான கடமை, அதற்குக் கூலி எதற்கு என்னும் பழைய எண்ணம் இரண்டாவது. மூன்றாவது, தொழிலுக்குச் சட்டத்தின் காவல் இன்மை. இங்கிலாந்தில் 2005 முதல், பதிவு பெறாத ஒருவர் தம்மைச் சமூகப் பணியாளர் எனச் சொல்லிக்கொள்ள முடியாது. இந்தியாவில் 2021இல் வந்த துணைச் சுகாதாரத் தொழிலாளர் சட்டம் வைத்தியத் துறைச் சமூகப் பணியாளரையும் தன் அட்டவணையில் சேர்த்தது. பெயருக்கு வேலி இருந்தால்தான் பயிருக்கு விலை உண்டு.

நிற்க. சம்பளக் கணக்கு ஒருபுறமிருக்க, அதனால் வருந்துவோர் யாவர்?

தண்ணீரூற்றுப் பக்கத்திலே ஓர் அம்மா இருக்கிறார். 2009இல் கணவரை இழந்தவர். மீளக் குடியேறிய காலத்தில், என் பழைய மாணவி ஒருவர் ஒரு திட்டத்தின்கீழ் அவ்வீட்டுக்கு இரண்டு ஆண்டுகளாகச் சென்று வந்தார். பிள்ளைகளைப் பாடசாலைக்கு மீண்டும் அனுப்பவும், காணி உறுதியின் பிரதி எடுக்கவும், இரவில் உறங்கவும் அந்த அம்மாவுக்குத் துணை நின்றார். திட்டம் முடிந்தது. ஒரு மாத அறிவித்தலோடு அவரை வீட்டுக்கு அனுப்பினர். இன்று அவர் ஒரு புடவைக்கடையிலே கணக்கெழுதுகிறார்.

அவர் போன பின்னும் அவ்வீட்டுக்கு ஒருவர் தவறாது வந்துகொண்டிருந்தார். அவர் நுண்கடன் நிறுவனத்தின் அறவீட்டாளர். கிழமைதோறும், மழையென்றாலும் வெயிலென்றாலும், படலையிலே அவருடைய மோட்டார் சைக்கிள் நின்றது. வடக்கிலே பெண்கள் பலர் அக்கடனால் நொந்த கதையும், 2018இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடன்களுக்கு அரசாங்கம் நிவாரணம் அறிவித்த கதையும் யாவரும் அறிந்தவை. கடன் வாங்க வருபவருக்குச் சம்பளம் தடைப்படுவதில்லை. அவர் பணத்தைக் கொண்டு போகின்றார். கண்ணீரைத் துடைக்க வருபவருக்குத் தடைப்படுகின்றது. அவர் கொண்டு போவது பணமன்று.

வட்டாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்கு முந்திய நாட்களில், காட்டு விநாயகர் கோயில் வாசலிலே அந்த அம்மாவைக் கண்டேன். சுகம் விசாரித்தபோது அவர் சொன்னது இது:

“அந்தப் பிள்ளை பெரிசா ஒண்டும் கொண்டு வந்து தரேல்லை, மாஸ்ரர். ஆனா என்ரை கதை முழுக்க அவவுக்குத் தெரியும். அவவுக்குப் பிறகு வேறை ரெண்டு பேர் வந்திட்டினம். ஒவ்வொருத்தருக்கும் நான் முதலிலையிருந்து சொல்லவேண்டிக் கிடக்கு. இனி எனக்குச் சொல்ல ஏலாது.”

பந்தி பிந்துதல் என்பது இதுவேயன்றோ? காசிலே வட்டம் விழுந்தது, பசித்தவர் காத்திருக்கின்றார். சமூகப் பணியாளரின் சம்பளத்தைப் பற்றிப் பேசும்போது நாம் தொகையையே பேசுகிறோம். அதனினும் பெரியது அச்சம்பளத்தின் ஆயுள் என்பது என் முடிபு. ஒரு குடும்பம் தன் துயரை ஒருவரிடம் ஒருமுறைதான் மனந்திறந்து சொல்லும். அவர் அடுத்த ஆண்டும் அந்தப் படலையைத் திறந்து வருவாரா என்பதைத் தீர்மானிப்பது அவருடைய நல்லெண்ணம் மட்டுமன்று; அவருக்குச் சம்பளம் கொடுப்பவரின் காலக்கணக்குமாகும்.

ஆகவே, பிரதேச செயலகங்களில் சமூகப்பணி பயின்ற பட்டதாரிகளுக்கென நிரந்தரப் பணியிடங்கள் வேண்டும். வெளிக்களப் பயணத்துக்கு உண்மையான செலவுப்படி வேண்டும். தொண்டு நிறுவனங்கள் திட்டம் தீட்டும்போதே, அது முடிந்த பின் அக்குடும்பங்களை யார் ஏற்பார் என்பதையும் எழுதி வைத்தல் வேண்டும். புலம்பெயர்ந்த நம் உறவினர் கட்டடத்துக்கும் கோபுரத்துக்கும் அனுப்பும் பணத்தில் ஒரு சிறு பங்கேனும், ஊருக்கு ஒரு பணியாளரைப் பல ஆண்டுகள் வைத்திருக்க உதவுமாயின் அதுவும் திருப்பணியே.

இனி அந்தத் தகப்பனாருக்கு என் விடை.

ஐயா, உங்கள் மகள் இத்தொழிலால் செல்வந்தராகமாட்டாள். ஆனால் முறையாகப் பயின்று, அரச சேவையில் இடம்பெற்றால், ஓர் ஆசிரியரைப் போல அளவோடு வாழலாம். தொண்டு நிறுவனத்தில் சேர்வதாயின், வேலையை ஏற்குமுன் அவள் மூன்று கேள்விகளைக் கூசாமற் கேட்கட்டும்: சம்பளம் தருபவர் யார்? எத்தனை ஆண்டுக்கு? சேமலாப நிதி உண்டா? இவற்றைக் கேட்பது தொண்டுக்கு இழுக்கன்று. தொண்டர் நிலைத்தால்தான் தொண்டு நிலைக்கும்.

அவள் விண்ணப்பத்தை அனுப்பிவிட்டாள். தகப்பனார் கையொப்பம் இட்டாரா என்று கேட்டேன். “இட்டவர் சேர், ஆனா அந்த மூண்டு கேள்வியையும் ஒரு கடதாசியிலை எழுதி வைக்கச் சொன்னவர்” என்றாள். தகப்பனார் கெட்டிக்காரர். வட்டமில்லாத காசு கேட்டுப் பெற வேண்டியது என்பது அவருக்கு என்னிலும் முன்பே தெரிந்திருக்கின்றது.