எதிர்ப்பக்கத்தார் என்ன சொல்வார்?

செங்கற்பட்டு தனி மாவட்டமாக அமைந்தது 2019 நவம்பர் 29ஆம் நாள். தமிழ் வளர்ச்சித் துறையினர் தலைவர்களின் பிறந்த நாட்களையொட்டி மாவட்டந்தோறும் கல்லூரி மாணவர்க்கு நடத்தும் பேச்சுப் போட்டிகள் இங்கும் நடைபெறுகின்றன. முதற்பரிசு 5,000 ரூபாய். நம் பங்குகளின் பிள்ளைகள் இவற்றில் திரளாகக் கலந்துகொள்ள வேண்டும் என்பது நம் ஆவல்.

ஆயினும் பெற்றோரிடம் ஒரு விண்ணப்பம். பேச்சைப் பிறரிடம் எழுதி வாங்கி, பிள்ளைகளை மனப்பாடம் செய்யவைக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். எதுகை மோனையோடு முழங்கிய பிள்ளை, ஒரு கேள்விக்கு வாயடைத்து நிற்பதைக் காண நெஞ்சு பொறுக்கவில்லை.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் பாரிசுப் பல்கலைக்கழகத்தில் விவாதம் பாடத்தின் ஓர் அங்கமாகவே இருந்தது. திருவருகைக் காலத்திலும் தவக்காலத்திலும் எவரும் எதைப்பற்றியும் வினவலாம். ஆசிரியர் விடையளித்தாக வேண்டும். அங்கே கற்பித்த புனித தாமஸ் அக்குவினாஸ், "கடவுள் இருக்கின்றாரா?" என்னும் வினாவை எடுத்துக்கொண்டபோது, இல்லை என்பாரின் வாதங்களையே முதலில் வைத்தார். உலகில் தீமை இருக்கிறதே என்பது ஒன்று. அனைத்தையும் இயற்கையைக் கொண்டும் மனித அறிவைக் கொண்டும் விளக்கிவிடலாமே என்பது மற்றொன்று. இன்றைய நாத்திகரும் இவற்றையே சொல்கின்றனர். அவற்றைக் குறைத்துக் கூறாமல் எழுதிய பின்னரே அப்புனிதர் தம் விடையைத் தொடங்கினார்.

மாமல்லபுரத்தை அடுத்த ஒரு பங்கில், சில ஆண்டுகளுக்கு முன், கல்லூரி மாணவர் விவாதத்திற்கு நடுவருள் ஒருவராக அமர்ந்திருந்தோம். கடற்கரையில் சுற்றுலா வளர்வது நன்றா என்பது பொருள். நன்றன்று என்று பேசிய மாணவி, மீனவக் குடும்பத்துப் பெண், பாதியில் மனப்பாடம் மறந்து நின்றுவிட்டாள். அவையில் சிரிப்பொலி. உடனிருந்த நடுவர் பரிவோடு, "எதிர்ப்பக்கத்தார் என்ன சொல்வார், அம்மா? அதையாவது சொல்" என்றார்.

சற்று நேரம் தரையைப் பார்த்திருந்தவள் சொன்னாள்: "விடுதி கட்டிய பிறகு அப்பாவுக்கு வலை உலர்த்த இடமில்லை, ஐயா. ஆனால் அண்ணனுக்கு வேலை கொடுத்ததும் அந்த விடுதிதான். அவன் சம்பளத்தில்தான் நான் படிக்கிறேன். எதிர்ப்பக்கத்தார் என் வீட்டிலேயே இருக்கிறார்கள்."

பின்னர் அவள் தாளைப் பாராமலே பேசினாள். வலை உலர்த்தும் மணலை ஊருக்கு விட்டுவிட்டு விடுதியைச் சற்றுத் தள்ளிக் கட்டியிருக்கலாமே என்று கேட்டாள். சிரித்தவர்கள் அமைதியாகிவிட்டார்கள்.

முதற்பரிசு, இடியென முழங்கிய வேறொரு மாணவருக்குச் சென்றது. நடுவர் மூவருள் நாம் யாருக்கு மதிப்பெண் இட்டோம் என்பதை இங்கு வெளியிடுவது முறையாகாது.