புதிய தட்டும் பழைய பொறியும்

பழுதுபட்டதைச் சீர்செய்து மீண்டும் கையாளுதல் நம்மவர்க்குப் புதிய வழக்கமன்று. ஈயம் பூசிய பாத்திரமும், சங்கிலி மாற்றிய சைக்கிளும், பட்டி மாற்றிய தையற் பொறியும் நம் இல்லங்களில் தலைமுறை கடந்து உழைத்தன. சங்கிலி வாங்கியவன் அது பொருந்துமா என்பதைக் கண்ணாலே கண்டுகொண்டான். இன்று மடிக்கணனியின் வன்தட்டை மாற்றுவோருக்கோ அந்த நிச்சயம் இல்லை. புதுத் தட்டைப் பொருத்தியதும், இயக்குதற்குரிய சாதனம் எதுவும் இல்லை என்று ஒரு வரியைத் திரையில் எழுதிவிட்டுப் பொறி ஊமையாகிவிடுகிறது.

அண்மையில் என் உறவினளான பல்கலைக்கழக மாணவி ஒருத்திக்கு இவ்வாறு நேர்ந்தது. திருத்துமிடத்தில் கொடுத்தபோது, 'மதர்போட் போய்விட்டது, வேறு மடிக்கணனி வாங்குங்கள்' என்றனர். அவளுடைய தந்தைக்கு அது இரண்டு மாதச் சம்பளம். ஆராய்ந்து பார்த்ததில் மதர்போட்டுக்கு ஒரு குறையும் இருக்கவில்லை. அந்தப் பொறி 'சாட்டா' வகைத் தட்டோடு மாத்திரம் பேசவல்லது. கடையில் விற்றதோ 'என்விஎம்இ' வகை. இரண்டும் எம்.2 என்னும் ஒரே வடிவின. 22 மில்லிமீற்றர் அகலம், 80 மில்லிமீற்றர் நீளம். செருகினால் பொருந்தும், ஆனால் பேசாது. உரிய தட்டைப் பொருத்தியதும் பொறி உயிர்பெற்றது.

இத்தகைய வேளையில் முதலில் எழவேண்டிய வினா ஒன்றே: தட்டைக் காணாதது யார்? பொறியின் அடிப்படை நிரலாகிய பயோஸா, அன்றி விண்டோஸா? இவை இரண்டும் வெவ்வேறு நோய்கள். பயோஸ் காணாவிடின், தட்டின் வகையையும், அது சரியாக அமர்ந்துள்ளதா என்பதையும், இணைப்பு நாடாவையும் பார்த்தல் வேண்டும். 9.5 மில்லிமீற்றர் தடிப்புக்கென அமைந்த இடத்தில் 7 மில்லிமீற்றர்த் தட்டை வைத்தால், அது தளர்ந்து இணைப்பினின்று விலகவும் கூடும்.

பயோஸ் கண்டும் விண்டோஸ் காட்டாவிடின், பெரும்பாலும் அது நோயே அன்று. புதுத் தட்டு கோடிடாத கொப்பி போன்றது. அதனைப் பிரித்து ஒழுங்குசெய்தபின்பே அது பட்டியலில் தோன்றும். 2 டெராபைட்டுக்கு மேற்பட்ட தட்டாயின் பழைய எம்பிஆர் முறை போதாது. ஜிபிடி முறையே வேண்டும். ஆனால் பழைய கோப்புகள் உள்ள தட்டில் இவ்வேலையைச் செய்தல் ஆகாது, உள்ளதும் போய்விடும். இன்டெல்லின் 11 ஆம் தலைமுறைச் சில்லும் அதற்குப் பின் வந்தவையும் கொண்ட மடிக்கணனிகள் பலவற்றிலே, 'விஎம்டி' என்னும் அமைப்புக்குரிய இயக்கி நிரலைக் கொடுத்தாலன்றி விண்டோஸை நிறுவும் நிரல் தட்டைக் காண்பதில்லை.

இவற்றுள் எதுவும் மந்திரமன்று; எழுதி வைத்தால் எவரும் அறியக்கூடியது. எழுதி வைக்காமையே இங்குக் குற்றம் என்பது எனது துணிபு. பொறி மெலிந்திருக்க வேண்டும், பாதுகாப்பாயிருக்க வேண்டும் என்று உற்பத்தியாளர் காரணம் கூறுவர். மெலிவையும் பாதுகாப்பையும் நான் மறுக்கவில்லை. எவ்வகைத் தட்டு ஏற்கும் என்று அடிமூடியிலே ஒரு வரி அச்சிட்டால் பொறி தடித்துவிடுமா? பயோஸின் ஊமைச் செய்திக்குப் பதிலாக, 'தட்டு உண்டு, வகை வேறு' என்று அறிவித்தால் பாதுகாப்புக் குலைந்துவிடுமா?

ஐரோப்பிய ஒன்றியம் 2024 ஜூன் மாதத்தில், சலவைப் பொறி, குளிர்சாதனப் பெட்டி, கைத்தொலைபேசி முதலியவற்றைத் திருத்திக்கொடுக்கும் கடப்பாட்டை உற்பத்தியாளர்மீது சுமத்தும் விதியொன்றை இயற்றியது. நல்ல முயற்சியே. எனினும் அது வெளியானபோது அதன் பட்டியலில் மடிக்கணனி இடம்பெறவில்லை. செல்வம் மிக்க நாடுகளின் நிலையே இதுவாயின், ஒரு பொறியை ஈராண்டு சேமித்து வாங்கும் நாம் வாளாவிருத்தல் தகுமா?

சட்டம் வரும்போது வரட்டும். அதுவரை திருத்துவோரிடம் நாம் கேட்கவேண்டியது ஒன்றுண்டு: போய்விட்டது என்று தீர்ப்புரைக்குமுன், பயோஸ் தட்டைக் கண்டதா இல்லையா என்பதை வாடிக்கையாளருக்குக் காட்டுங்கள். அந்த ஒரு விடையிலே பலருடைய மாதச் சம்பளமும், மாணவர் பலருடைய படிப்பும் தங்கியுள்ளன.