ஒரே நகரம், இரு கணக்கு

பழைய மும்பை - புணே நெடுஞ்சாலை, முளா ஆற்றை ஹாரிஸ் பாலத்தின் வழியே கடந்து புணே மாநகருக்குள் நுழையும் இடம் போபோடி. அங்கிருந்து அதே சாலையில் மும்பை நோக்கிச் சென்றால் ஆகுர்டி வரும். பஜாஜ் பைனான்ஸ் நிறுவனத்தின் பதிவு அலுவலகம் அங்கே இருக்கிறது. எதிர்த்திசையில் நகருக்குள் சென்றால் கன்டோன்மென்ட் பகுதி. அங்கே ஜெனரல் திம்மையா சாலையில் இருக்கிறது இண்டஸ்இண்ட் வங்கியின் பதிவு அலுவலகம். இரண்டுமே மக்களுக்குக் கடன் கொடுப்பவை. இரண்டையும் கண்காணிப்பது ரிசர்வ் வங்கி. ஆனால், வாங்கிய கடனுக்கும் செய்துகொண்ட ஒப்பந்தத்துக்கும் இன்றைய தேதியில் என்ன மதிப்பு என்று கேட்டால், இரண்டும் ஒரே விதியின்படி பதில் சொல்வதில்லை.

பஜாஜ் பைனான்ஸ் வங்கிசாரா நிதி நிறுவனம். ஆகவே 2018 ஏப்ரல் 1 முதல் புதிய இந்தியக் கணக்கியல் தரநிலைகளுக்கு அது மாறியாக வேண்டியிருந்தது, மாறியது. இண்டஸ்இண்ட், வங்கி. வங்கிகளும் அதே நாளில் மாறியிருக்க வேண்டும். முதலில் ஓராண்டு அவகாசம் தரப்பட்டது. பிறகு 2019 மார்ச் 22 அன்று, மறு அறிவிப்பு வரும் வரை ஒத்திவைப்பதாக ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை அனுப்பியது. அதற்கு அது கூறிய காரணம் கவனிக்கத்தக்கது: தேவையான சட்டத் திருத்தங்கள் மத்திய அரசின் பரிசீலனையில் உள்ளன என்பதே அது. அதாவது, பந்து தில்லியில் நின்றுவிட்டது.

இந்த ஒத்திவைப்பு ஏதோ கணக்காளர்களின் விவகாரம் என்று நினைப்பவர்கள், 2025 மார்ச் 10-ஆம் தேதியை நினைத்துப் பார்க்க வேண்டும். தனது டெரிவேட்டிவ் ஒப்பந்தங்களின் கணக்கில் முரண்பாடுகள் இருப்பதாகவும், அதனால் நிகர மதிப்பில் சுமார் 2.35 சதவீதம் குறையும் என்றும் இண்டஸ்இண்ட் வங்கி அன்று பங்குச் சந்தைகளுக்குத் தெரிவித்தது. மறுநாள் ஒரே நாளில் அதன் பங்கு விலை 27 சதவீதம் சரிந்தது. வைப்புதாரர்கள் வதந்திகளை நம்ப வேண்டாம் என்று மார்ச் 15-ஆம் தேதி, அதுவும் ஒரு சனிக்கிழமையன்று, ரிசர்வ் வங்கியே அறிக்கை வெளியிட வேண்டியதாயிற்று. பின்னர் வெளியிலிருந்து ஆய்வு செய்த நிறுவனம், 2024 ஜூன் இறுதி நிலவரப்படி பாதிப்பு ரூ.1,979 கோடி என்றது. ஏப்ரல் இறுதியில் தலைமைச் செயல் அதிகாரியும் துணைத் தலைமைச் செயல் அதிகாரியும் அடுத்தடுத்த நாள்களில் பதவி விலகினர். மே 21 அன்று வெளியான காலாண்டு முடிவில் சுமார் ரூ.2,329 கோடி நஷ்டம் காட்டப்பட்டது. ஊழியர்கள் சிலர் மோசடியில் ஈடுபட்டிருக்கலாம் என்று வங்கியின் இயக்குநர் குழுவே சந்தேகம் தெரிவித்தது.

நடந்தது என்ன? ஒரு வங்கி ஜப்பானிய யென்னில் கடன் வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். யென் மதிப்பு உயர்ந்தால் திருப்பித் தரவேண்டிய ரூபாய் கூடிவிடும். இந்த அபாயத்திலிருந்து தப்ப அது ஒரு பரிமாற்ற ஒப்பந்தம் செய்துகொள்கிறது. இது நல்ல வழக்கமே. ஆனால் அந்த ஒப்பந்தத்தை வங்கியின் ஒரு பிரிவு, அதே வங்கியின் இன்னொரு பிரிவுடன் செய்துகொள்கிறது. அந்த இரண்டாவது பிரிவுதான் வெளியே வேறொரு வங்கியுடன் எதிர் ஒப்பந்தம் செய்கிறது. வெளி ஒப்பந்தம் அன்றாடச் சந்தை விலையில் மதிப்பிடப்படுகிறது. உள் ஒப்பந்தமோ சந்தை விலையைப் பாராமல், அடக்கச் செலவை ஆண்டுகளுக்குப் பங்கிட்டு எழுதப்படுகிறது. ஒரே பொருளுக்கு ஒரே கூரையின் கீழ் இரண்டு விலை!

ஒப்பந்தம் அதன் முழுக்காலமும் நடந்து முடிந்தால் இரண்டு விலைகளும் இறுதியில் ஒன்றாகிவிடும். இடையிலேயே முறித்தால்தான் வினை. ஒரு பக்கத்து லாபம் லாப நஷ்டக் கணக்கில் ஏறிவிடும். மறுபக்கத்து நஷ்டம் 'இதர சொத்துகள்' என்ற தலைப்பின் கீழ் போய் உட்கார்ந்துகொள்ளும். நஷ்டத்தைச் சொத்து என்று எழுதிவைக்கும் இந்த விந்தை பல ஆண்டுகள் நீடித்தது. உள் ஒப்பந்தங்களை, குறிப்பாக முன்கூட்டியே முறிக்கப்பட்டவற்றை, தவறாகக் கணக்கிட்டு ஏட்டளவில் லாபம் காட்டியதே மூல காரணம் என்று இரண்டாவதாக ஆய்வு செய்த தணிக்கை நிறுவனமும் கூறியது.

இனி விதிக்கு வருவோம். வங்கிகளுக்குப் பொருந்தாமல் நிறுத்திவைக்கப்பட்டிருக்கும் தரநிலைகளில் 109-ஆவது, இந்த இடத்தில் ஐயத்துக்கு இடமின்றிப் பேசுகிறது. நிறுவனத்துக்கு வெளியே உள்ள ஒருவருடன் செய்த ஒப்பந்தத்தை மட்டுமே அபாயக் காப்பாகக் கணக்கில் கொள்ளலாம். வலது கை இடது கையுடன் செய்துகொள்ளும் ஒப்பந்தம் செல்லாது. 113-ஆவது தரநிலை, நியாய மதிப்பு என்பது கணக்கிடும் நாளில் சந்தையில் முறையாக விற்றால் கிடைக்கும் அல்லது கடனை மற்றவருக்கு மாற்றிவிடத் தரவேண்டியிருக்கும் விலையே என்கிறது. சந்தையில் நேரடியாகத் தெரியும் விலை, சந்தைத் தகவலிலிருந்து கணக்கிட்ட விலை, நிறுவனம் தன் ஊகத்தில் சொல்லும் விலை என மூன்று படிகளாகப் பிரித்துக் காட்டவும் சொல்கிறது. ஆகுர்டி அலுவலகத்துக்கு இவை கட்டாயம். திம்மையா சாலை அலுவலகத்துக்கு இல்லை.

நியாய மதிப்பு முறை குறையற்றது என்று யாரும் வாதிட முடியாது. 2011-இன் மூன்றாம் காலாண்டில் அமெரிக்காவின் மார்கன் ஸ்டான்லி, தனது கடன் பத்திரங்களின் சந்தை மதிப்பு சரிந்ததால் 340 கோடி டாலர் ஆதாயம் காட்டியது. தன்னைத் திருப்பிக் கட்ட வக்கற்றவன் என்று ஊர் நினைப்பதையே வருமானமாக எழுதிக்கொள்ளும் வேடிக்கை அது. பின்னர் விதி திருத்தப்பட்டு, அத்தகைய ஆதாயம் லாபத்தில் சேராமல் தனியே காட்டப்படுகிறது. மோசடி செய்யத் துணிந்தவனை எந்தத் தரநிலையும் தடுக்காது என்பதும் உண்மை. ஆனால், உள் ஒப்பந்தத்தை மதிப்பதற்கே இடமில்லாத ஏட்டில் அந்த வழியாக நஷ்டத்தை ஒளிக்க முடியாது.

தமிழகத்துக்கு இதில் பழைய கணக்கு ஒன்று பாக்கியிருக்கிறது. 2007-08-இல் திருப்பூர், கோவை வட்டார ஏற்றுமதியாளர்களிடமும் ஆலைகளிடமும் வங்கிகள் சிக்கலான அன்னியச் செலாவணி ஒப்பந்தங்களை விற்றன. ஸ்விஸ் பிராங்குக்கு எதிராக டாலர் வீழ்ந்தபோது பலர் நொடிந்தனர். கோவையின் ராஜஸ்ரீ சுகர்ஸ் நிறுவனம், 2007 ஜூன் 22-ஆம் தேதியிட்ட ஒப்பந்தம் வெறும் சூதாட்டம், செல்லாது என்று ஆக்சிஸ் வங்கிக்கு எதிராக வழக்குத் தொடர்ந்தது. சூதாட்டம் அல்ல என்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி வி. ராமசுப்பிரமணியன் 2008 அக்டோபர் 14 அன்று தீர்ப்பளித்தார். நிறுவனங்களுக்கோ இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகம் 2008 மார்ச் மாதமே உத்தரவிட்டுவிட்டது: நிலுவையிலுள்ள ஒப்பந்தங்களைச் சந்தை விலையில் மதிப்பிட்டு, நஷ்டத்தை இந்த ஆண்டுக் கணக்கிலேயே காட்டு என்று. பனியன் தைத்து ஏற்றுமதி செய்தவருக்கு அவகாசம் இல்லை. அந்த ஒப்பந்தங்களில் விதிகளை மீறியதற்காக 2011 ஏப்ரலில் 19 வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி விதித்த அபராதமோ, தலா ரூ.5 லட்சம் முதல் ரூ.15 லட்சம் வரை!

பெரிய இடத்து நஷ்டத்துக்கு அவகாசம் தருவதில் தில்லிக்கு நீண்ட பழக்கம் உண்டு. 2009 மார்ச் 31 அன்று, நிதியாண்டின் கடைசி நாளில், நீண்டகால அன்னியச் செலாவணிக் கடன்களின் நஷ்டத்தை உடனே காட்டாமல் தள்ளிப்போடக் கம்பெனி விவகார அமைச்சகம் அனுமதித்தது. 2011 வரை என்று தொடங்கிய சலுகை, 2012 ஆகி, 2020 வரை நீண்டது. வங்கிகளுக்கான ஒத்திவைப்பு அதன் தம்பி. புதிய தரநிலையின்படி வாராக்கடனுக்கு முன்கூட்டியே கூடுதல் தொகை ஒதுக்க வேண்டும். அப்படி ஒதுக்கினால் பொதுத்துறை வங்கிகளுக்கு அரசு மேலும் மூலதனம் போட வேண்டும். 2017 அக்டோபரில்தான் அவற்றுக்காக ரூ.2.11 லட்சம் கோடி மூலதனத் திட்டம் அறிவிக்கப்பட்டிருந்தது. தயக்கத்தின் காரணம் இதுவாகவே இருக்க முடியும். அன்று அது புரிந்துகொள்ளத்தக்கது. பொதுத்துறை வங்கிகள் லாபம் ஈட்டத் தொடங்கிய பிறகும் அதே தயக்கம் ஏன்?

சட்டம் வராததால் ரிசர்வ் வங்கி தன்னால் இயன்றதைத் துண்டு துண்டாகச் செய்கிறது. முதலீடுகளையும் டெரிவேட்டிவ்களையும் நியாய மதிப்பில் காட்டும் அதன் 2023 செப்டம்பர் நெறிமுறை 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இண்டஸ்இண்ட் கணக்கின் பூசணிக்காய் வெளியே வந்ததே அதையொட்டி நடந்த உள் ஆய்வில்தான். ஒரு துண்டே இவ்வளவு செய்யுமானால், முழு விதியும் 2018-லேயே வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? வாராக்கடன் ஒதுக்கீட்டை 2027 ஏப்ரல் முதல் மாற்றும் வரைவை 2025 அக்டோபரில் ரிசர்வ் வங்கி வெளியிட்டது. அதுவும் ஒரு துண்டு.

நுண்கடன் நிறுவனமான பாரத் பைனான்ஷியல், 2019-இல் இண்டஸ்இண்ட் வங்கியுடன் இணைந்தது. அத்தகைய குழுக்கடன் வாங்கும் பெண்ணின் கடனுக்கு ஒரே மதிப்புதான். தவணை நாளன்று அதைத் தள்ளிவைக்க 'இதர சொத்துகள்' என்று ஒரு பத்தி அவருடைய சிறு புத்தகத்தில் கிடையாது.

இண்டஸ்இண்ட் அறிவிப்பு வெளியான 16-ஆம் நாள், 2025 மார்ச் 26 அன்று, வங்கிச் சட்டங்கள் திருத்த மசோதா மாநிலங்களவையில் நிறைவேறியது. ஒரு கணக்குக்கு நான்கு வாரிசுதாரர்கள் வரை நியமிக்கலாம் என்றது அது. கூட்டுறவு வங்கி இயக்குநர்களின் பதவிக்காலத்தை எட்டிலிருந்து பத்து ஆண்டுகளாக்கியது. வங்கிகள் தங்கள் கணக்கை எந்தத் தரநிலையில் எழுத வேண்டும் என்பது பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.