ஒரு கம்பி, பல செவிகள்

பெரட்டுக் களம் என்றால் என்னவென்று பதுளைப் பக்கத்து நேயர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. அயலூர் நேயர்களுக்காக ஒரு வார்த்தை: விடியற்காலையில் தோட்டத் தொழிலாளர் கூடி நிற்க, அன்றைய வேலையை இன்னாருக்கு இன்னதென்று பிரித்துக் கொடுக்கும் இடம் அது. அங்கே ‘மாரியாய்’ என்று குரல் கொடுத்தால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். ஆகவேதான் செக்ரோலில் பெயருடன் ஓர் இலக்கமும் இருக்கும். இலக்கத்தைக் கூறினால் அது எல்லோர் செவியிலும் விழும்; ஆனால் ஒருவரே முன்வருவார்.

யந்திரங்களின் உலகிலும் இதே ஒழுங்குதான் நிலவுகிறது. அதனை இவ்வாரம் ஆராய்வோம்.

தேயிலைத் தொழிற்சாலை ஒன்றை மனக்கண்முன் கொண்டு வாருங்கள். மேல்மாடியில் கொழுந்து வாடும் தொட்டிகள். கீழே அரைக்கும் யந்திரங்கள். அப்பால், அரைத்த கொழுந்தைச் செந்நிறம் பெறப் பரப்பி வைக்கும் இடம். கடைசியில் சூடான காற்றினால் உலர்த்தும் யந்திரங்கள். ஒவ்வோரிடத்துச் சூட்டையும் ஈரத்தையும் அளந்து சொல்லக் கருவிகள் வேண்டும். இருபது கருவிகளுக்கு இருபது சோடிக் கம்பிகள் இழுத்தால் செலவும் மிகும்; சிக்கலும் மிகும். ஆதலால் முறுக்கிய ஒரே சோடிக் கம்பியை நெடுக ஓடவிட்டு, கருவிகள் யாவற்றையும் அதிலேயே இணைத்து விடுகிறார்கள். இவ்விணைப்புக்கு 1983-ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட ஆர்.எஸ். 485 என்னும் நியமத்தின்படி, ஏறத்தாழ 1,200 மீற்றர் தூரத்துக்குக் கம்பி செல்லலாம். சாதாரணமாக 32 கருவிகளை அதில் மாட்டலாம்.

கம்பி பொது, அப்படியாயின் யார் பேசுவது, யார் கேட்பது? இதற்கு 1979-ல் அமெரிக்காவின் மொடிகன் நிறுவனம் வகுத்த மொட்பஸ் என்னும் முறை இன்றளவும் வழக்கில் உள்ளது. அதில் தலைமைக் கருவி ஒன்று. ஏனையவை ஏவலைக் கேட்பவை. தலைமை கேளாமல் எக்கருவியும் வாய் திறவாது. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 247 வரையுள்ள எண்களில் ஒன்று சொந்த இலக்கமாகும். பூச்சியம் என்னும் இலக்கம் அனைவருக்குமான அறிவிப்பு. அதைக் கேட்டு எல்லாம் நடந்து கொள்ளும், ஒன்றும் பதில் சொல்லாது.

தலைமை பேசத் தொடங்குமுன் கம்பியில் மூன்றரை எழுத்து நேர மௌனம் நிலவ வேண்டும். அந்த மௌனத்தின் பின் வரும் முதலெழுத்தே இலக்கம். அடுத்தது ஏவல், அதற்கடுத்தது விவரம், இறுதியில் இரண்டெழுத்துச் சரிபார்ப்பு எண். முதலெழுத்தைக் கேட்டதும் ஒவ்வொரு கருவியும் தன்னைத்தானே வினவுகிறது: “இது எனக்கா?” அன்று எனில் அது வாளாவிருக்கும். ஆம் எனில் சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிட்டு, செய்தி பழுதின்றி வந்ததா என்று நோக்கி, அதன் பின்னரே விடையளிக்கும். ஓர் அளவைக் கேட்கும் வினாவுக்கு எட்டெழுத்து, விடைக்கு ஏழெழுத்து. விநாடிக்கு 9,600 துடிப்பு என்னும் நடுத்தர வேகத்திலும், கருவிகள் தாமதியாது விடையிறுத்தால், இருபதையும் ஒரு சுற்று விசாரித்து வர ஒரு விநாடி போதும்.

இனி, பிழை நேரும் இடங்களைக் காண்போம். கடையிலிருந்து வாங்கி வரும் புதுக் கருவிகள் பெரும்பாலும் இலக்கம் 1 உடனேயே வருகின்றன. அவற்றில் இரண்டை அப்படியே மாட்டினால், ஒரே அழைப்புக்கு இரண்டும் சேர்ந்து குரல் கொடுக்கும். கம்பியில் எழுவது குழப்பமே. ஆயினும் இப்பிழை மறைந்திருப்பதில்லை. சரிபார்ப்பு எண் அதைக் காட்டிக் கொடுத்துவிடும். கருவிகளை ஒவ்வொன்றாக மாட்டி, வெவ்வேறு இலக்கம் சூட்டினால் தீர்ந்தது. இல்லாத இலக்கத்தை அழைத்தால் மௌனமே விடை. தலைமை சிறிது பொறுத்து, மறுபடி கேட்டு, பின்னர் ‘ஆளில்லை’ என்று குறித்துக் கொள்ளும்.

இவற்றினும் கொடியது இலக்கம் இடம் மாறுதல். இரண்டு உலர்த்தும் யந்திரங்களின் இலக்கங்கள் ஒன்றுக்கொன்று மாறிவிட்டன என்று கொள்ளுங்கள். செய்தி பழுதின்றி வரும். சரிபார்ப்பு எண்ணும் பொருந்தும். எண்களும் நம்பத் தக்கனவாகவே இருக்கும். ஆனால் ஒன்றின் சூட்டைப் பார்த்து மற்றொன்றின் சூட்டைக் குறைப்பார்கள். ஜூலை முதல் செப்டெம்பர் வரை, வறண்ட காற்று வீசும் பருவத்தில் ஊவாத் தேயிலைக்கு வாய்க்கும் தனி மணம் உலகறிந்தது. உலர்த்தும் சூடு பிசகினால் அம்மணம் கெடும். இதனைத் தடுக்க எந்த யந்திரத்தாலும் இயலாது. எந்த இலக்கம் எவ்விடத்தது என்று மனிதர் கையால் எழுதி, நேரில் சென்று ஒப்பு நோக்கிய ஏடு ஒன்றே காவல். ஒருவர் பறித்த கொழுந்துக்கு மற்றொருவர் இலக்கத்தில் பேர் விழுந்தால், கணக்கின் கூட்டுத்தொகை சரியாகவே இருக்கும். உழைத்தவரின் கூலியே போய்விடும். செக்ரோல் கண்ட நம்மவர்க்கு இது புதிதன்று.

இலக்கம் என்பது சிறு விஷயமாகத் தோன்றலாம். ஆனால் அது இல்லாவிடத்தில் என்ன நேரும் என்பதையும் நம் மலைநாடு அறியும். நெடுங்காலமாகத் தோட்டத்தின் பெயரே லயத்து மக்கள் அனைவருக்கும் பொது விலாசமாயிருந்து வந்தது. வீட்டுக்கு வீடு இலக்கம் இல்லாமையால், கடிதங்கள் தோட்டக் காரியாலயத்தில் இறங்கி, கைமாறிக் கைமாறிப் பிந்தி வந்தன. சில வராமலே போயின. நேர்முகப் பரீட்சைக்கு வரச் சொல்லும் கடிதம், அந்த நாள் கழிந்த பின் கைக்கு வந்தால் அதனால் பயன் என்ன? நூறு குடும்பத்துக்கு ஒரே விலாசம் என்பது, நூறு கருவிக்கு ஒரே இலக்கம் என்பது போன்றதே.

சூடு அளக்கும் ஒரு சிறு கருவிக்கே தனி இலக்கம் இன்றியமையாததாயின், மனிதர் வாழும் ஒவ்வொரு வீட்டுக்கும் அது எத்துணை இன்றியமையாதது!