முயலுக்கும் ஒரு துணை வேண்டும்

“கடற்கரை ஊரில் முயல் தங்காது” என்று நம் புன்னைக்காயலில் பெரியவர்கள் சொல்வதுண்டு. ஆசையோடு வாங்கி வந்த வெள்ளை முயல் ஒரு கோடையைத் தாண்டாமல் இறந்துவிட்டால், பழி உப்புக் காற்றின் மேலும் கண்ணேறின் மேலும் விழுகிறது. குழந்தை இரண்டு நாள் அழுகிறது. மூன்றாம் நாள் வேறொரு முயல் கேட்கிறது. அதுவும் அதே கூண்டில் தனியே அடைக்கப்படுகிறது. இது சரியன்று என்பதே நம் கருத்து. முயல் வளர்க்க விரும்புவோர் இரண்டாக வளர்க்க வேண்டும். இயலாதெனில் வளர்க்காமலிருப்பதே அன்பு.

முயல் தனிமையை விரும்பும் பிராணி என்று பலர் நம்புவதற்கு நம் தமிழ்ச் சொல்லும் ஒரு காரணம் போலும்! இருவேறு விலங்குகளை நாம் ‘முயல்’ என்ற ஒரே பெயரால் அழைக்கிறோம். நம் மாவட்டத்துத் தேரிக் காடுகளில் ஓடும் காட்டு முயல் பெரும்பாலும் தனித்தே வாழ்வது; தரையின் மேலேயே படுப்பது; அதன் குட்டி உரோமத்தோடும் திறந்த கண்களோடும் பிறக்கிறது. வீட்டில் வளர்க்கும் முயலின் முன்னோரோ ஸ்பெயின், போர்ச்சுக்கல் நாடுகளில் வளை தோண்டிக் கூட்டமாக வாழ்ந்தவை. இவற்றின் குட்டிகள் கண் மூடி, உரோமமின்றிப் பிறக்கின்றன. ஆகவே தேரியில் பிடித்த முயலை வீட்டு முயலுக்குத் துணையாக விடலாம் என்று எவரேனும் எண்ணினால் அது வீண். இவை இரண்டும் இணை சேர்வதில்லை. அன்றியும், காட்டு முயலைப் பிடிப்பது 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும்.

கூட்டமாக வாழப் பிறந்த பிராணி தனித்துவிடப்பட்டால் என்ன செய்யும்? கம்பியைக் கடிக்கும், தன் உரோமத்தைத் தானே பிடுங்கும், மூலையில் குந்திச் சோர்ந்திருக்கும். இதைக் கண்டு “எவ்வளவு சாது!” என்று மெச்சுகிறோம். துணையுள்ள முயல்களைக் கவனித்துப் பாருங்கள். ஒன்றின் நெற்றியை மற்றொன்று நக்கும். உடலோடு உடல் ஒட்டிப் படுக்கும். ஆபத்தென்று தோன்றினால் பின்காலால் தரையைத் தட்டி எச்சரிக்கும்.

“நாங்கள் இருக்கிறோமே துணையாக” என்பர் நம் தோழியர். முயல் சுறுசுறுப்பாக இருப்பது விடியற்காலையிலும் அந்தி நேரத்திலும். விடியற்காலையில் நமக்குப் பூசை, பள்ளிக்குப் புறப்படும் அவசரம். அந்தியில் செபமாலை, பிறகு பாடம். எஞ்சிய நேரமோ பள்ளியில். சுவிட்சர்லாந்தில் 2008 முதல், கினிப் பன்றி போன்ற கூடி வாழும் பிராணியைத் தனியே வளர்ப்பதைச் சட்டமே தடுக்கிறது. நமக்கு அப்படியொரு சட்டம் இல்லாவிட்டாலும் மனச்சாட்சி இருக்கிறதன்றோ?

புனித பிரான்சிஸ் அசிசியாரின் வரலாற்றை முதன்முதல் எழுதிய செலானோ தோமாஸ் என்பவர் ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறார். கிரேச்சியோ என்னும் ஊரில் கண்ணியில் அகப்பட்ட ஒரு முயலைப் புனிதரிடம் கொண்டு வந்தனர். அவர் அதைத் தடவிக் கொடுத்துக் கீழே விட்டார். அதுவோ மீண்டும் மீண்டும் அவர் மடிக்கே வந்து சேர்ந்தது. இறுதியில் அருகிலிருந்த காட்டில் அதைக் கொண்டுபோய் விடுமாறு சகோதரர்களிடம் சொன்னார். தம்மை நாடி வந்த முயலையே, தம் மடியைவிட அதன் இடம் மேலானது என்று அனுப்பி வைத்தார்!

இனி அம்மாமார் கேட்கும் கேள்விக்கு வருவோம். “ரெண்டு வாங்கினா இருபதாகுமே, யார் பார்ப்பது?” நியாயமான கேள்விதான். பெண் முயல் நான்கைந்து மாதத்தில் பருவமடைகிறது. சினைக்காலம் ஏறக்குறைய 31 நாள். குட்டி ஈன்ற அன்றே மீண்டும் சினையாகக் கூடும். எனவே ஆணும் பெண்ணுமாக அப்படியே சேர்த்து விடுவதை நாம் சொல்லவில்லை. ஆண் முயலுக்குக் கால்நடை மருத்துவரிடம் கருத்தடை அறுவை செய்து பெண்ணோடு சேர்ப்பதே சிறந்த வழி. அறுவைக்குப் பின்னும் சில வாரங்கள் பிரித்தே வைக்க வேண்டும். திருநெல்வேலி இராமையன்பட்டியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கு சென்று ஆலோசனை கேட்கலாம். அவ்வளவு தூரம் போக இயலாதோர், ஒரே ஈற்றில் பிறந்த இரு பெண் குட்டிகளை வாங்குவது நல்லது. ஆண்கள் இரண்டு சேர்ந்தால் பருவம் வந்ததும் இரத்தம் வரக் கடித்துக்கொள்ளும்.

ஏற்கெனவே ஒரு முயல் உள்ள வீட்டில், புதியதைக் கொண்டு வந்த அன்றே கூண்டுக்குள் போட்டுவிடக் கூடாது. அது தன் வீடு என்று பழைய முயல் சண்டைக்குப் போகும். இரு கூண்டுகளையும் அருகருகே வைத்து, ஒன்றின் படுக்கைத் துணியை மற்றொன்றுக்குப் போட்டு, மணம் பழக்க வேண்டும். பின்னர் இரண்டுக்கும் புதிதான ஓர் இடத்தில் சற்று நேரம் விட்டு, நாமும் அருகிலிருந்து பார்க்க வேண்டும். சில நாளிலும் ஆகலாம். சில வாரங்களும் ஆகலாம்.

துணை மட்டும் போதாது. கொடைக்கானலை அடுத்த மன்னவனூரில் மத்திய அரசின் செம்மறியாட்டு ஆராய்ச்சி மையத்தில் முயல்களும் வளர்க்கப்படுகின்றன. அந்தக் குளிர் நம் ஊரில் ஏது? முயலுக்கு நம்மைப் போல் வியர்ப்பதில்லை. காதுகளின் வழியேதான் பெரும்பாலும் வெப்பத்தை வெளியேற்றுகிறது. தகரக் கூரையின் கீழ் மே மாத மதியத்தில் முயலை வைப்பது அடுப்பில் வைப்பதற்கு ஒப்பாகும். வேப்ப மரத்தடியில் ஓலைக் கூரை, மேலே நனைத்த சாக்கு, குடிக்க நாம் குடிக்கும் அதே நல்ல தண்ணீர் (உப்புத் தண்ணீர் ஆகாது) இவை வேண்டும். மீனுக்கு ஐஸ் வாங்கும் ஊர்தானே நம்முடையது! ஒரு பாட்டிலில் ஐஸை அடைத்துத் துணி சுற்றிக் கூண்டில் வைத்தால் முயல் தானே வந்து அதன்மேல் சாய்ந்துகொள்ளும். கூண்டின் தரை வெறும் கம்பியாக இருந்தால் பாதம் புண்ணாகும். ஒரு பலகை போடுங்கள்.

உணவில் பெரும்பங்கு புல்லே. முயலின் பற்கள் ஆயுள் முழுதும் வளர்ந்துகொண்டே இருப்பதால், நாரைச் சவைத்துத்தான் அவை தேய வேண்டும். ஆத்தூர்ப் பக்கத்து வயல் வரப்புகளில் அறுகம்புல் கிடைக்கும். மருந்தடித்த வரப்பாக மட்டும் இருக்கக் கூடாது. முருங்கைக் கீரையும் கல்யாண முருங்கை இலையும் அளவாகக் கொடுக்கலாம். படங்களில் முயல் கையில் எப்போதும் காணும் காரட்டோ இனிப்புப் பண்டம் போன்றது. ஒரு துண்டு போதும். பிஸ்கட்டும் சோறும் கூடாது. தூத்துக்குடி மக்ரூனைக் கொடுத்துப் பார்க்கும் தம்பிமாரும் உண்டு. அதை நாமே தின்போம்!

முயல் தன் புழுக்கைகளில் மென்மையான ஒரு வகையைத் தானே தின்னும். அருவருத்து விரட்டாதீர்கள். அதிலுள்ள சத்தை இரண்டாம் முறை பெறுவதற்கே அப்படிச் செய்கிறது.

வேட்டைக்கு அஞ்சி வாழும் பிராணியாதலால் முயல் தன் நோயை மறைக்கும். அரை நாள் தின்னாமலும் புழுக்கை போடாமலும் இருந்தால் மறுநாள் பார்ப்போம் என்று இராமல் உடனே கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டு செல்லுங்கள். போகும்போது இரண்டையும் சேர்த்தே தூக்கிச் செல்லுங்கள்; பிரித்தால் திரும்பி வந்தபின் மணம் மாறிச் சண்டையிடக் கூடும். காதைப் பிடித்துத் தூக்காமல், பின்புறத்தைக் கையால் தாங்கியே தூக்க வேண்டும்.

வாங்கும் இடத்தில் விற்பவர் “ரெண்டும் பொட்டைதான் பாப்பா” என்று சத்தியமே செய்வார். சிறு குட்டியில் ஆண், பெண் அறிவது அவருக்கும் கடினமே. வாங்கிய வாரமே மருத்துவரிடம் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள். மூன்று மாதம் ஆனதும் மறுபடி ஒரு முறை காட்டுங்கள். இல்லையேல், அம்மா சொன்ன அந்த இருபது வீடு தேடி வந்துவிடும்.