பயணச்சீட்டு சொல்லாத தொலைவு

ஹைதராபாத், பெங்களூரு விமான நிலையங்களுக்கிடையே வான்வழித் தொலைவு ஏறத்தாழ 455 கிலோமீட்டர். பறக்கும் நேரம் ஒரு மணிக்குச் சற்றே மிகும். பயணச்சீட்டு சொல்வது இவ்வளவே.

முன்னர் பேகம்பேட்டிலும் ஹெச்.ஏ.எல். நிலையத்திலும் நகருக்குள்ளேயே விமானம் ஏறினோம். 2008ஆம் ஆண்டில் அச்சேவைகள் ஷம்ஷாபாத்துக்கும் தேவனஹள்ளிக்கும் பெயர்ந்தன. பெருகிய போக்குவரத்துக்கு அது தேவையே. நகரிலிருந்து நேரடி ரயில் இணைப்பை உடன் அமைக்காததே பிழை. அதற்கான விலையைப் பயணியே தருகிறார்: விடியுமுன் வாடகைக் கார், சோதனை வரிசை, காத்திருப்பு, இறங்கியபின் பெங்களூரின் மையத்துக்கு மீண்டும் 35 கிலோமீட்டர் சாலை. வீட்டு வாசலிலிருந்து கணக்கிட்டால் ஐந்து மணி நேரம் எளிதில் கழிந்துவிடும். கார் வாடகையும் (திரும்பும் பயணத்துக்கும் சேர்த்து!) செலவில் ஏறும்.

காலைக் கூட்டத்துக்குச் செல்வோருக்கு, காச்சிகுடாவில் இரவு ரயிலேறி உறங்கியபடியே நகர நடுவில் போய் இறங்குவதே மேல் என்பேன்.